உருளாமல் இருக்க ஒரு கல்

என் அக்கா ராணியின் கணவர் சத்யராஜ் அடிக்கும் பந்து, அவருடைய நாற்பத்திரண்டாவது வயதில் பள்ளத்தைத் தாண்டாமல் போனது. பளு தூக்கும் இரும்பை நான் மலைக்குக் கொண்டுவந்ததற்கு அதுதான் காரணம்.

கிளியூருக்கு மேலே ஒரு பழைய காப்பி எஸ்டேட்டை ஒட்டி, வெள்ளைக்காரன் காலத்தில் வெட்டிய கோல்ஃப் மைதானம் இருக்கிறது. ஒன்பது குழி. இப்போது ஒரு ரிசார்ட் அதை நடத்துகிறது. மாமா அங்கே புல் வெட்டுவார், விருந்தாளிகள் வந்தால் பை தூக்குவார், யாரும் வராத காலை நேரத்தில் ஆடுவார். அந்த மைதானத்தில் அவரை ஜெயித்தவர் யாரும் இல்லை. ஆறாவது குழிக்கு அடிக்கும்போது நடுவில் ஓர் ஓடைப் பள்ளம் வரும். இருபது வருடமாக அதைப் பார்க்காமலே தாண்டியவர், அந்த மாசியில் அடித்த பந்துகளைப் பள்ளத்துக்குள் இறங்கிக் காப்பிச் செடிகளுக்கு நடுவே தேடிக்கொண்டிருந்தார்.

வேறு சமயமாக இருந்திருந்தால் அவரும் விட்டிருப்பார். ஆனால் ரிசார்ட்டுக்கு ஒரு கோல்ஃப் வாத்தியார் தேவைப்பட்டார். மேனேஜர் பெரியநாயகம் மாமாவின் பெயரைத்தான் சொல்லியிருந்தார். அதற்குச் சான்றிதழ் வேண்டும். ஐப்பசியில் கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு மைதானத்தில் தேர்வு. இரண்டு நாள் ஆடி, அவர்கள் வைத்திருக்கும் அடிக் கணக்குக்குள் முடிக்க வேண்டும். முடித்தால் மாமா வாத்தியார். முடிக்காவிட்டால் பெங்களூரிலிருந்து ஒருவர் வருவார், மாமா அவருக்குப் பை தூக்குவார். கீழே மைதானங்கள் நீளமானவை. பள்ளத்தைத் தாண்டாத பந்தை வைத்துக்கொண்டு அங்கே போவதில் அர்த்தமில்லை.

அப்போது நான் அக்கா வீட்டில் சும்மா இருந்தேன். அதற்கு முன் பெங்களூரில் ராத்திரி ஷிஃப்ட். அமெரிக்காவில் பிரிண்டர் ஓடாதவர்களிடம் வருத்தம் தெரிவிக்கும் வேலை. ஒரு நாள் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். பெரிய காரணம் ஒன்றும் இல்லை. அந்தக் கட்டடத்தில் எனக்குப் பிடித்திருந்த ஒரே இடம் கீழ்த்தளத்து ஜிம். இரும்பு யாரிடமும் வருத்தம் தெரிவிக்கச் சொல்லாது. தூக்கினால் எழும், இல்லாவிட்டால் கிடக்கும். அங்கே கற்றுக்கொண்டதுதான் மூன்று வருடத்தில் நான் உருப்படியாகக் கற்றது.

"மாமா, காலுலயும் இடுப்புலயும் பலம் வந்தா பந்து போகும்" என்றேன்.

"பந்து கையிலதானடா அடிக்கறோம்."

"கை சும்மா பிடிச்சுட்டுப் போகுது. அடிக்கறது இடுப்பு."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "உனக்குக் கோல்ஃப் தெரியாது."

"தெரியாது."

"அப்பச் சரி" என்றார். ஏன் சரி என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

சேலத்தில் மூடிப்போன ஒரு ஜிம்மிலிருந்து ஒரு நீளக் கம்பியும் இரும்புத் தட்டுகளும் கிடைத்தன. மளிகை ஏற்றிவரும் மினி லாரியில், அரிசி மூட்டைகளுக்கு நடுவே வைத்து மேலே கொண்டுவந்தோம். அக்கா குடியிருந்த எஸ்டேட் லைன் வீட்டில் அந்தக் கம்பியைக் குறுக்கே போட்டால் கதவைச் சாத்த முடியாது. அதனால் லைனுக்குப் பின்னால் இருந்த எஸ்டேட் களத்தைப் பிடித்துக்கொண்டோம். காப்பிப் பழம் காயப்போடும் சிமெண்டுத் தரை. அறுவடை முடிந்தால் கார்த்திகை வரை அது சும்மாதான் கிடக்கும்.

யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் ரைட்டர் மாரிசாமியிடம் கேட்க வேண்டும். எஸ்டேட் கணக்கெல்லாம் அவர் கையில். ஒரு தேங்காய் உருண்டு களத்துக்குள் போனாலும் யாரைக் கேட்டு உருண்டது என்பார். அதனால் அவருடைய பைக் வரும் ரோட்டைப் பார்த்தபடிதான் எப்போதும் நின்று தூக்கினோம். பைக் தெரிந்தால் தட்டுகளின்மேல் சாக்கைப் போர்த்திவிட்டு, வானத்தைப் பார்ப்பதுபோல் நிற்பது.

முதல் நாள் கம்பியைத் தரையிலிருந்து தொடைவரை தூக்கி நிமிர்ந்து, மறுபடி கீழே வைத்துக் காட்டினேன்.

மாமா காத்திருந்தார். "அப்புறம்?"

"அவ்ளோதான்."

"எடுத்த எடத்துலயே வெக்கறதுக்கு எதுக்குடா எடுக்கோணும்? காப்பி மூட்டையத் தூக்குனா லாரியில ஏறும். இது எங்க போகுது?"

"உங்க காலுக்குள்ள போகுது."

"ராணி, உன்ற தம்பி சொல்றதக் கேட்டியா?" என்று வீட்டைப் பார்த்துக் கத்தினார்.

"கேட்டுட்டுத்தான் இருக்கறேன்" என்றது அக்காவின் குரல். "ரெண்டு பேருத்துக்கும் வேற சோலி இல்ல."

ஆனால் தூக்கினார். மூட்டை சுமந்த உடம்பு. முதுகு எப்படி வைக்க வேண்டும் என்று நான் சொல்லவே தேவைப்படவில்லை. கம்பியைத் தரையில் வைத்தபோது அது முன்னால், இடது மூலையைப் பார்த்து மெல்ல உருண்டது. மாமா ஒரு கல்லை எடுத்து இடது தட்டுக்கு முன்னால் வைத்தார். கம்பி நின்றது. மறுநாளிலிருந்து முதலில் கல்லை வைப்போம், அப்புறம் தட்டுகளை மாட்டுவோம். விளக்கேற்றுகிற மாதிரி அது ஒரு வழக்கமாகிவிட்டது.

மாமாவோடு புல் வெட்டும் ஐயாக்கண்ணு அண்ணன்தான் முதல் எதிரி. அவரும் பழைய கேடி, அதாவது ஆடுகிறவர்களுக்குப் பை தூக்கியவர். ஒரு நாள் களத்துக்கு வந்து, பீடியைக் காதில் செருகிக்கொண்டு, ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார்.

"ஏஞ்சாமி, கோல்ஃபுங்கறது பூப்பறிக்கற மாதிரி. இவன் என்னமோ கெணத்துல உழுந்த எருமையத் தூக்கறான். கை கட்டையாப் போயிரும் பாத்துக்க. அப்புறமேட்டுக்குத் தோள் திரும்பாது. முதுகு சொறியறதுக்கே ஆள் வெக்கோணும்."

"உங்களுக்கு யாருண்ணே சொறியறாங்க?" என்றார் மாமா.

"எனக்குத் தோள் திரும்புதுடா!" என்று திரும்பிக் காட்டினார். அந்த வயதில் அப்படித் திரும்பியது உண்மையிலேயே ஆச்சரியம்தான்.

அக்காவுக்கு வேறு கவலை. மாமா தினமும் தின்னும் முட்டைகளைப் பற்றி, "கோழிக்கே வெக்கமாப் போயிருக்கும்" என்றாள். சட்டை தோளில் பிடித்தது. இரண்டு சட்டைகளைப் பிரித்துத் தைத்தாள். திட்டிக்கொண்டேதான் தைத்தாள், ஆனால் மூன்றாவதை மாமா கேட்காமலேயே பிரித்து வைத்திருந்தாள்.

ஆனியில் பந்து பள்ளத்தைத் தாண்டியது.

நான் அன்று கூட இருந்தேன். எனக்குக் கோல்ஃப் தெரியாது என்றாலும் சத்தம் தெரியும். முன்பெல்லாம் டொக் என்று கேட்கும். அன்று ஏதோ கிழிந்தது மாதிரி கேட்டது. பள்ளத்தின் அந்தப் பக்கம் மிளகுக்கொடி சுற்றிய ஒரு சில்வர் ஓக் மரம் நிற்கும். இளவயதில் மாமாவின் நல்ல அடி அந்த மரத்துக்கு நேராக விழும் என்பார்கள். அன்று பந்து அதையும் தாண்டி விழுந்தது.

மாமா மட்டையைத் திருப்பிப் பார்த்தார். புது மட்டை மாற்றிக் கொடுத்துவிட்டார்களோ என்று சந்தேகப்படுகிறவர்போல.

"மாப்ள," என்றார், "இது இரும்புதானா?"

"தெரியல மாமா. முட்டையாவும் இருக்கலாம்."

விளையாட்டாகத்தான் சொன்னேன். ஆனால் அந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. உண்மையில் எது? மலைமேல் காற்று லேசு, பந்து நன்றாகப் பறக்கும். ஆனால் அந்தக் காற்று மாசியிலும் இருந்தது. இரும்பாகத்தான் இருக்க வேண்டும். இருந்தாலும் ஒரு மனிதனின் தொடையில் ஏறும் பலம், எப்படி இடுப்பு, தோள், மணிக்கட்டு எல்லாவற்றையும் கடந்து, ஒரு வெள்ளைப் பந்துக்குள் போய்ச் சேர்கிறது? மூன்று வருடம் எதைப் பற்றியும் யோசிக்காமல் இருந்தவன் நான். இப்போது வேலை கிடைத்த மாதிரி இருந்தது.

எடையைக் கூட்டினோம். ஆடியில் பந்து வலது பக்கம் போக ஆரம்பித்தது.

முதலில் கொஞ்சம். ஃபேர்வேயின் ஓரம், அதாவது புல்லை ஒட்ட வெட்டிய நீளப் பாதையின் ஓரம். அப்புறம் செடிக்குள். அப்புறம் ரிசார்ட் சமையலறையின் தகரக் கூரைமேல். சமையல்காரர் கரண்டியோடு வெளியே ஓடிவந்து வானத்தைப் பார்த்தார். வேடிக்கை என்னவென்றால் சரிவில் கிடக்கும் பந்தைப் பெரும்பாலும் நேராக அடித்தார். டீயிலிருந்து அடிக்கும்போதுதான் வலது பக்கம் ஓடியது. டீ என்பது ஒவ்வொரு குழிக்கும் முதல் அடி அடிக்கும் சின்ன மேடை. அதாவது எங்கே எளிதாக இருக்க வேண்டுமோ அங்கேதான் தவறியது.

"நாஞ் சொன்னனா இல்லியா" என்றார் ஐயாக்கண்ணு அண்ணன். பந்து ஒவ்வொரு முறை செடிக்குள் போனபோதும் அதையே சொன்னார். பீடி பிடிக்கும் இடைவெளியிலும் சொன்னார்.

மேனேஜர் பெரியநாயகமும் கூப்பிட்டுப் பேசினார். மரியாதையானவர், அதனால் சுற்றிவளைத்தார். "சத்யராஜ், உங்க பேரை நான்தான் அனுப்பிருக்கேன். ஓனருக்குப் பெங்களூர் ஆள்மேலதான் மனசு. எதுவா இருந்தாலும் தேர்வு முடிஞ்ச பின்னாடி தூக்கிக்கலாமே."

நான் செல்போனில் வீடியோக்களைத் தேடினேன். பாதிப் பேர் பளு தூக்கினால் கோல்ஃப் ஆட்டம் கெடும் என்றார்கள். பாதிப் பேர் தூக்காவிட்டால்தான் கெடும் என்றார்கள். இரண்டு கட்சியும் சட்டையில்லாமல் நின்று பேசின. அதனால் நானே பார்க்கத் தொடங்கினேன்.

தோள் இறுகியிருந்தால் திரும்பாது. மாமாவை ஒரு மூங்கில் கழியைத் தோளில் குறுக்கே வைத்துத் திரும்பச் சொன்னேன். ஐயாக்கண்ணு அண்ணனும் போட்டிக்குத் திரும்பினார். மாமா அவரைவிட அதிகம் திரும்பினார். அப்படியென்றால் இறுக்கம் இல்லை. பிடி மாறியிருக்குமோ? மேனேஜர் பார்த்துவிட்டு மாறவில்லை என்றார். வேகம் கூடியதால் மட்டையின் தண்டு வளைகிறதோ? ஒரு விருந்தாளியின் விறைப்பான மட்டையைக் கேட்டு வாங்கி அடித்துப் பார்த்தோம். சமையல்காரர் மறுபடி வெளியே ஓடிவந்தார்.

கடைசியில் தூக்குவதையே நிறுத்தினோம். மாமாவுக்குப் பயம் வந்துவிட்டது, நான் தடுக்கவில்லை. தேர்வுக்கு இன்னும் இரண்டு மாதம்கூட இல்லை.

இரண்டு வாரம் இரும்பைத் தொடவில்லை. பந்து அப்போதும் வலது பக்கமே போனது. அது மட்டுமல்ல, மறுபடி குறையத் தொடங்கியது. ஒரு நாள் அவர் பள்ளத்தின் விளிம்பில் நின்று செடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பந்தைத் தேட இறங்கவில்லை.

"பாதிப் பலமும் போச்சு, முழுக் கோணலும் நிக்குது" என்றார். "உன் பேச்சக் கேட்டதுக்கு, இருந்தத வெச்சுட்டு நேரா அடிச்சிருந்தாலாவது மானத்தோட தோத்திருப்பேன். நொம்ப நாளாக் கேக்கோணும்னு இருந்தேன். நீ அந்த வேலைய எதுக்குடா உட்டுட்டு வந்த?"

"பிடிக்கல."

"பிடிக்கலன்னா உட்டுறதா? எனக்கு இது பிடிச்சிருக்குதுடா. என்னால உட முடியல. அதான் பிரச்சனை."

நான் பள்ளத்துக்குள் இறங்கிப் பந்தைத் தேடினேன்.

புரட்டாசியில் ஒரு மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. களத்தில் அக்கா மிளகாய் காயப்போட்டிருந்தாள். இருவரும் ஓடி அள்ளினோம். அள்ளி முடித்துக் களத்தோரக் கொட்டகைக்குள் நின்று வெளியே பார்த்தேன். சாக்கு மூடிய தட்டுகள், கம்பி, அதற்கு முன்னால் அந்தக் கல். தண்ணீர் களம் முழுவதும் மெல்லிய தாளாக விரிந்து, ஒரே பக்கம் நகர்ந்து, கல்லில் முட்டி இரண்டாகப் பிரிந்து, இடது மூலைத் துவாரத்துக்குள் போய்க்கொண்டிருந்தது.

"எல்லாத் தண்ணியும் அந்த மூலைக்கே போகுது" என்றேன்.

அக்கா மிளகாயைத் துழாவிக்கொண்டே, "பின்ன? களம்னா வாட்டமாத்தான் போடுவாங்க. தண்ணி நின்னா காப்பி ஊறிப் போயிராதா? இது தெரியாதா உனக்கு?" என்றாள்.

தெரியும். எனக்கும் தெரியும், மாமாவுக்கும் தெரியும். மலையில் பிறந்த எல்லோருக்கும் களம் சாய்வாக இருக்கும் என்று தெரியும். தெரிந்ததால்தான் யாரும் யோசிக்கவில்லை. ஆறு மாதமாக, ரோட்டைப் பார்த்தபடி, ஒரே பக்கம் நின்று, இடது கால் கீழேயும் வலது கால் மேலேயுமாக, மாமா தன் எடையைவிட அதிக எடையைத் தூக்கிக்கொண்டிருந்தார். கம்பி உருண்டபோது கல் வைத்தோம். மாமாவுக்கு யாரும் கல் வைக்கவில்லை.

என் செருப்பைக் கழற்றிப் பார்த்தேன். கூடவே நானும் தூக்கியவன்தான். இடது செருப்பின் வெளி ஓரம் தேய்ந்திருந்தது. வலது புதிதாக இருந்தது.

மாமாவிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை. "இத்தனூண்டு வாட்டம். மலையில இதெல்லாம் ஒரு சாய்வா?"

"நடக்கறதுக்கு இல்ல மாமா. அத்தன கிலோவத் தூக்கிட்டு நிக்கறதுக்கு?"

இந்த முறை வெறும் பேச்சில் விட எனக்கு மனமில்லை. ஐயாக்கண்ணு அண்ணனிடம் சொன்னேன். எதற்கென்று கேட்காமல், ரிசார்ட் அறைகளில் விருந்தாளிகள் எடை பார்க்க வைத்திருக்கும் மிஷினில் இரண்டை வேட்டிக்குள் மறைத்து எடுத்துவந்தார். ஆறாவது டீயில் அவற்றைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்தோம். அது மாமா தன் கையால் மட்டம் பார்த்து மண் நிரப்பிய மேடை. ஒவ்வொரு மிஷின்மேலும் ஒரு கால். கண்ணை மூடச் சொன்னேன். ஒரு மட்டையைக் கொடுத்து, பந்தடிக்க நிற்பதுபோல் நிற்கச் சொன்னேன்.

"எப்புடி நிக்கறீங்க மாமா?"

"நேரா."

"ரெண்டு காலும் சமமா?"

"சமமாத்தான்."

ஐயாக்கண்ணு அண்ணன் குனிந்து பார்த்தார். பீடியைக் காதிலிருந்து எடுத்தார். "டேய் சத்யா, உன்ற இடது காலு குண்டாயிருச்சுடா."

ஒரு மிஷினில் மொத்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு இருந்தது. மிஷின் கெட்டிருக்கும் என்று மாற்றி வைத்தோம். அப்போதும் இடது காலில்தான். மாமா கண்ணைத் திறந்து தானே பார்த்தார். எடையைச் சரிபாதியாக்க வலது பக்கம் நகர்ந்தார். முகம் சுளித்தது.

"இப்ப உழுந்துருவேன் போல இருக்குது" என்றார்.

"இதுதான் நேர், மாமா."

அவருடைய உடம்பு களத்தின் சாய்வையே மட்டம் என்று எடுத்துக்கொண்டிருந்தது. சரிவில் நின்று அடித்தபோது பொருந்தியது. சமமான டீயில் நின்றபோது, இல்லாத சாய்வுக்கு ஏற்றபடி இடது பக்கம் சாய்ந்து நின்றார். சரிவில் இடது கால் கீழே இருந்தால் பந்து வலது பக்கம் ஓடும் என்பது அவர் விருந்தாளிகளுக்குத் தினமும் சொல்கிற பாடம். அதை அவரே சமதரையில் செய்துகொண்டிருந்தார். இரும்பு கெடுக்கவில்லை. இரும்பு கொடுத்ததை ஒரு கோணலோடு சேர்த்துக் கொடுத்திருந்தது. நாங்கள் நிறுத்தியபோது கொடுத்ததைத் திருப்பி எடுத்துக்கொண்டது, கோணலை விட்டுவிட்டது.

இனி சமமான தரையில்தான் தூக்குவேன் என்றார் மாமா. கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயை எடுத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க அலைந்தோம். லைன் வாசல் சாய்வு. மாட்டுக்கொட்டகை சாய்வு. கோயில் முற்றமும்கூடச் சாய்வு. இந்த மலையில் யார் தரை போட்டாலும் தண்ணீர் ஓடத்தான் போடுகிறார்கள். சமமாக இருந்தது ஒன்றே ஒன்றுதான்: டீ.

அதனால் விடிந்ததும், விருந்தாளிகள் எழுவதற்கு முன், டீயில் கனமான பலகையைப் போட்டு அதன்மேல் தூக்கினோம். புல் நோகக் கூடாது என்று மாமா பலகைக்கு அடியில் சாக்கு விரித்தார். களத்தில் மனைவி காயப்போட்ட மிளகாய்மேலேயே ஒரு முறை கம்பியை வைத்த மனிதர், புல்லுக்கு இவ்வளவு பார்த்தார். தினமும் பலகையைத் திருப்பிப் போடுவார். தானும் ஒரு முறை இந்தப் பக்கம், ஒரு முறை அந்தப் பக்கம் பார்த்து நிற்பார். தூக்கி முடித்ததும் மிஷின்கள்மேல் ஏறிக் கண்ணை மூடுவார். நான் எண்களைச் சொல்வேன். மெல்ல மெல்ல இரண்டும் நெருங்கின.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ மேனேஜர் பெரியநாயகம் நடைப்பயிற்சியில் அந்தப் பக்கம் வந்துவிட்டார். தன் மைதானத்தின் ஆறாவது டீயில் பலகை, இரும்பு, ரிசார்ட் எடை மிஷின் இரண்டு, அவற்றின்மேல் கண்ணை மூடிக்கொண்டு நிற்கும் தன் ஊழியர். அவர் குனிந்து மிஷின்களைப் பார்த்தார்.

"ஹவுஸ்கீப்பிங்ல ரெண்டு மிஷின் திருட்டுப் போச்சுன்னு ஒரு வாரமா சண்டை" என்றார் கடைசியில்.

ஐயாக்கண்ணு அண்ணன் புல்லில் எதையோ தேடுவதுபோல் குனிந்தபடி நகர்ந்து போனார்.

மாமா இறங்கி நின்றார். "தப்புதானுங்க சார். ஒரே ஒரு அடி பாத்துப்போட்டு அப்புறம் திட்டுங்க."

பலகையை எடுத்தோம். பந்தை வைத்தார். கண்ணை மூடினார், குதிகாலைத் தூக்கி இறக்கினார், கண்ணைத் திறந்தார். அடித்தார். பந்து பள்ளத்தைத் தாண்டி, அந்த மரத்தையும் தாண்டி, நேராகப் போய் விழுந்தது. மேனேஜர் கையை நெற்றிக்கு மேல் வைத்து, பந்து நின்ற பிறகும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மிஷின் தேர்வு வரைக்கும் இருக்கட்டும்" என்றார். இரண்டடி போய்த் திரும்பினார். "புல்லுல தழும்பு இருந்தா உங்க ரெண்டு பேரையும் தொலைச்சுப்புடுவேன்."

தேர்வுக்கு நான்தான் பை தூக்கினேன். கோயம்புத்தூர்ப் பக்கத்து மைதானத்தைப் பார்த்ததும் மாமா வாசலிலேயே நின்றுவிட்டார். தட்டில் ஊற்றிய தோசை மாவு மாதிரி சமம். "இதுல என்னத்தடா பாத்து அடிக்கறது?" என்றார். கீழே காற்று கனம் என்பதால் பந்து மலையில் போகிற தூரம் போகாது என்று மேனேஜர் எச்சரித்திருந்தார். அப்படித்தான் ஆனது. ஆனால் குறைந்து விழுந்த இடம் எதுவென்றால், இளவயதில் மலையில் அவருடைய பந்து விழுந்த தூரம். ஒவ்வொரு மட்டைக்கும் அவர் மனதில் இருந்த பழைய கணக்கு அப்படியே பொருந்தியது. வயதும் காற்றும் எடுத்துக்கொண்டதை இரும்பு ஈடுகட்டியிருந்தது, கூடவும் இல்லை குறையவும் இல்லை. இதை யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை.

இரண்டாம் நாள் பிற்பகல் வெயிலில் மற்றவர்கள் தளர்ந்தார்கள். மாமாவுடன் ஆடிய இளைஞன் ஒவ்வொரு மரத்தடியிலும் உட்கார்ந்தான். மாமாவின் கால்கள் காலையில் இருந்த மாதிரியே நடந்தன. கடைசிக் குழிக்கு வந்தபோது கணக்கு எளிதாக இருந்தது: நான்கு அடியில் முடித்தால் தேர்ச்சி, ஐந்தானால் இல்லை.

முதல் அடி நன்றாக விழுந்தது. இரண்டாவதற்கு ஏழாம் நம்பர் மட்டையை எடுத்தார். குழி இருந்த புல்தரைக்கு வலது பக்கம் ஒரு குளம். பழைய கோணல் கொஞ்சம் எட்டிப் பார்த்தாலும் பந்து தண்ணீரில்தான். நின்றார். விலகினார். மறுபடி நின்றார், விலகினார்.

"மாப்ள, இங்க இடது பக்கம் எறக்கமா இருக்குதா?"

நான் தரையைப் பார்த்தேன். சமமாகத்தான் தெரிந்தது. ஆனால் ஆறு மாதம் களத்தையும் அப்படித்தான் பார்த்தேன்.

"எனக்குத் தெரியல மாமா."

"தெரியலன்னு சொன்ன பாரு, அது போதும்" என்றார். கண்ணை மூடினார். மிஷின் இல்லை, எண் சொல்ல ஆள் இல்லை. குதிகாலைத் தூக்கினார், இறக்கினார். அவருடைய உடம்பு வலது பக்கம் ஒரு விரல்கடை நகர்வதைப் பார்த்தேன். முகம் சுளித்தது. விழுந்துவிடுவேன் என்று அவருக்குத் தோன்றுகிற இடம் அதுதான் என்று எனக்குத் தெரியும். அங்கேயே நின்று அடித்தார்.

பந்து குளத்தின் பக்கம் திரும்பக்கூட இல்லை. நேராகப் போய், கொஞ்சம் அதிகமாகப் போய், புல்தரையைத் தாண்டிப் பின்னால் இருந்த சின்னக் கரையில் நின்றது. அந்த மைதானத்திலேயே சரிவு என்று சொல்லக்கூடியது அது ஒன்றுதான். போய்ப் பார்த்தோம். இடது கால் கீழே, வலது கால் மேலே.

மாமா சிரித்தார். "ஊட்டுக்கு வந்த மாதிரி இருக்குது."

அங்கிருந்து குழிக்குப் பக்கத்தில் தட்டினார். அடுத்ததில் உள்ளே போட்டார்.

இப்போது அவர் ரிசார்ட்டின் கோல்ஃப் வாத்தியார். அவருடைய பெயர் தைத்த பனியன் கொடுத்திருக்கிறார்கள். தோளில் பிடிக்கிறது, அக்கா பிரித்துத் தைத்தாள். எதனால் ஜெயித்தார் என்பதில் மட்டும் ஒற்றுமை இல்லை. ஐயாக்கண்ணு அண்ணன், "ரெண்டு வாரம் தூக்காம இருந்தான் பாரு, அதுலதான் கை எளகுச்சு" என்கிறார். அக்கா முட்டை என்கிறாள். மேனேஜர் தான் டீயைக் கொடுத்ததால் என்கிறார். நான் இரும்பு என்றுதான் நினைக்கிறேன், ஆனால் சத்தியம் செய்ய மாட்டேன். அதைச் சரியாகத் தெரிந்துகொள்ள இன்னொரு சத்யராஜ் வேண்டும். அவர் இரும்பைத் தொடாமல் அதே தேர்வை ஆட வேண்டும். ஒரு அக்காவுக்கு ஒரு சத்யராஜ்தான் கிடைத்திருக்கிறார்.

கார்த்திகையில் பழம் வரத் தொடங்கியது. மிச்சத் தட்டுகளைக் களத்திலிருந்து எடுத்துக்கொண்டிருந்தபோது ரைட்டர் மாரிசாமி பின்னால் வந்து நின்றார். பைக் சத்தமே கேட்கவில்லை. நான் சாக்கைத் தேடினேன்.

"உடுங்க தம்பி. சித்திரையில இருந்து பாத்துட்டுத்தான இருக்கறேன்."

"எங்கிருந்துங்க?"

திரும்பி, எங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்த மேட்டைக் காட்டினார். அங்கே இன்னொரு ரோடு. செம்மநத்தம் பஸ் போகிற ரோடு. அங்கிருந்து பார்த்தால் களம் முழுக்கத் தெரியும். "எதுக்கு எப்பப் பாத்தாலும் அந்தப் பக்கமே பாத்துட்டு நிக்கறீங்கன்னுதான் எனக்கு வெளங்கல. அங்க என்ன இருக்குது?"

ஒன்றும் இல்லை என்றேன்.

அவர் போன பிறகு கம்பியில் இரண்டே இரண்டு தட்டுகளை மாட்டி, பழைய இடத்தில், பழைய பக்கம் பார்த்து நின்றேன். கல் வைக்கவில்லை. தூக்கினேன். இடது கால் இறங்குவதும் வலது இடுப்பு ஏறுவதும் தெளிவாகத் தெரிந்தன. படிக்கட்டில் ஒரு காலை வைத்து நிற்பதுபோல் அவ்வளவு தெளிவாக. இவ்வளவு பெரிய சாய்வு அத்தனை மாதம் எப்படித் தெரியாமல் இருந்தது என்று கம்பியைக் கையில் வைத்துக்கொண்டே யோசித்தேன். கை வலித்ததும் கீழே வைத்தேன். கம்பி முன்னால், இடது மூலையைப் பார்த்து உருண்டு போனது. நான் அதைப் பிடிக்கவில்லை, எவ்வளவு தூரம் போகிறது என்று பார்த்தேன்.